பட்ஜியின் உடம்பு சொல்லும் சேதி

பறவைக் கடைக்குப் போய் "ஒரு ஜோடி லவ் பேர்ட்ஸ் கொடுங்க" என்று கேட்டால், கடைக்காரர் கூண்டுக்குள் கையை விட்டு இரண்டு சின்னப் பறவைகளைப் பிடித்து, ஓட்டை போட்ட அட்டைப் பெட்டிக்குள் வைத்துக் கொடுப்பார். தமிழ்நாட்டில் எத்தனையோ வீடுகளுக்கு இப்படித்தான் பறவைகள் வந்து சேர்ந்திருக்கின்றன. ஆனால் அவற்றில் பெரும்பாலானவை லவ் பேர்ட்ஸ் கிடையாது! அவற்றின் உண்மையான பெயர் பட்ஜெரிகர். சுருக்கமாக பட்ஜி.

உண்மையான லவ் பேர்ட்ஸ் ஆப்பிரிக்காவையும் மடகாஸ்கரையும் சேர்ந்தவை. குட்டை வால், தடித்த உடம்பு, பெரிய அலகு. பட்ஜி ஆஸ்திரேலியப் பறவை. மெலிந்த உடம்பு, நீண்டு கூர்மையாக முடியும் வால், பின்தலையிலும் முதுகிலும் அலை அலையாய்க் கறுப்புக் கோடுகள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் சின்னக் குழந்தைகூட வித்தியாசம் சொல்லிவிடும். வாலைப் பார்த்தாலே போதும்.

பெயர் மாறியதால் பறவைக்கு ஒரு நஷ்டமும் இல்லை என்று தோன்றலாம். ஆனால் அந்தப் பறவை எப்படி வாங்கப்படுகிறது என்பதை இந்தப் பெயர்க் குழப்பமே காட்டிவிடுகிறது. வாங்குபவர் நிறத்தை மட்டும் பார்க்கிறார். "அந்த நீலம் ஒண்ணு, மஞ்சள் ஒண்ணு" என்கிறார். பறவையின் மூக்கை, கண்ணை, காலை, இறகை யாரும் பார்ப்பதில்லை. சில மாதங்கள் கழித்து ஒரு நாள் காலையில் அது கூண்டின் அடியில் விறைத்துக் கிடக்கும். "நேத்து வரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு" என்று வீட்டில் பேசிக்கொள்வார்கள்.

நேற்று வரை நன்றாக இருந்திருக்க வாய்ப்பு குறைவு. பட்ஜியின் உடம்பு நிறையச் சொல்லும். அது ஆணா பெண்ணா, குஞ்சா கிழமா, நோயா சுகமா, எப்படிப்பட்ட நிலத்தில் வாழப் பிறந்தது என்பதெல்லாம் அந்த உடம்பிலேயே இருக்கிறது. அதைப் பார்க்கத் தெரியாமல் வாங்குவதும் வளர்ப்பதும்தான் இந்தப் பறவைக்கு நேரும் துன்பங்களில் பாதிக்குக் காரணம்.

மூக்கைப் பார்த்தால் தெரியும்

முதலில் மூக்கு. பட்ஜியின் அலகுக்கு மேலே மெழுகு பூசியது போல ஒரு சிறு மேடு இருக்கும். அதில்தான் இரண்டு மூக்குத் துளைகளும் இருக்கின்றன. வளர்ந்த ஆண் பறவைக்கு இந்த மூக்கு பளிச்சென்ற நீல நிறம். வளர்ந்த பெண்ணுக்குப் பழுப்பு நிறம். முட்டையிடும் பருவத்தில் பெண்ணின் மூக்கு இன்னும் தடித்து, சொரசொரப்பாகி, அடர்ந்த பழுப்பாக மாறும். மற்ற நேரங்களில் வெளிறிப்போய், வெள்ளை கலந்த இளநீலமாகக்கூடத் தெரியும்.

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். வெளிறிய இளநீலத்தைப் பார்த்ததும் ஆண் என்று நினைத்துவிடுகிறார்கள். மூக்குத் துளைகளைச் சுற்றி வெள்ளை வளையம் தெரிந்தால் அது பெண். ஆணுக்கு மூக்கு முழுவதும் ஒரே சீரான நிறத்தில் இருக்கும். குஞ்சுப் பருவத்தில் ஆணின் மூக்கு ரோஜாவும் ஊதாவும் கலந்த நிறம். முழு வெள்ளை, சிவப்புக் கண் மஞ்சள் போன்ற சில வகைகளில் ஆண்களுக்கு வளர்ந்த பிறகும் அந்த நிறமே தங்கிவிடும். அந்த வகைகளில் மட்டும் "நீலம் என்றால் ஆண்" என்ற விதி உதவாது.

இது வெறும் பொது அறிவு இல்லை. ஜோடி என்று சொல்லி இரண்டு பெண் பறவைகளைக் கொடுத்துவிடுவது சாதாரணமாக நடக்கிறது. பட்ஜிகளில் பெண்தான் அதிகாரம் செய்யும் பறவை. கூண்டில் ஒரே ஒரு பானை தொங்கினால், அதற்காக இரண்டு பெண் பறவைகள் ரத்தம் வரும்வரை சண்டை போடும். "இந்த ஜாதியே இப்படித்தான், கொத்திக்கும்" என்று பழி பறவை மேல் விழும். வாங்கிய அன்று மூக்கை அரை நிமிடம் பார்த்திருந்தால் இந்தப் பிரச்சினையே இல்லை.

மூக்கு இன்னொன்றையும் சொல்லும். வருடக்கணக்கில் நீல மூக்கோடு இருந்த ஒரு வயதான ஆண் பறவையின் மூக்கு மெல்லப் பழுப்பாக மாறினால், அது விரையில் கட்டி வளர்வதன் அடையாளமாக இருக்கலாம். கட்டி பெண் ஹார்மோனைச் சுரப்பதால் வரும் மாற்றம் இது. விவரம் தெரியாதவர்கள் "ஆண் பெண்ணாக மாறிவிட்டது" என்று வேடிக்கையாகச் சொல்லிக்கொண்டிருப்பார்கள். அங்கே பறவை நோயோடு போராடிக்கொண்டிருக்கும்.

நெற்றியும் கண்ணும் சொல்லும் வயது

கடையில் இருக்கும் எல்லாப் பறவையும் "குஞ்சுதான் சார், ரெண்டு மாசம்" என்றே விற்கப்படும். அதைச் சரிபார்க்க வழி இருக்கிறது.

குஞ்சுகளுக்குத் தலையில் உள்ள கறுப்புக் கோடுகள் நெற்றி வழியாக மூக்கு வரைக்கும் இறங்கியிருக்கும். மூன்று நான்கு மாதத்தில் முதல் முறையாக இறகு உதிர்த்து முளைக்கும்போது, நெற்றிக் கோடுகள் மறைந்து அந்த இடம் சுத்தமான மஞ்சளாகவோ வெள்ளையாகவோ ஆகிவிடும். எனவே நெற்றியில் கோடு இருந்தால் குஞ்சு. நெற்றி வெளுத்திருந்தால் மூன்று நான்கு மாதத்தைத் தாண்டியது.

அடுத்தது கண். குஞ்சின் கண் முழுக்கக் கறுப்பாக, ஒரு மணியைப் பதித்தது போல இருக்கும். வளர வளரக் கருவிழியைச் சுற்றி ஒரு வெளிறிய வளையம் தோன்றும். எட்டு மாதம் ஆகும்போது அது தெளிவாகத் தெரியும். சில நிற வகைகளுக்கு இந்த வளையம் வராமலே போவதும் உண்டு. நெற்றிக் கோடு தெரியாத மங்கலான நிற வகைகளும் உண்டு. ஆகவே ஒரு அடையாளத்தை மட்டும் நம்பாமல் மூக்கு, நெற்றி, கண் மூன்றையும் சேர்த்துப் பார்ப்பதே சரி.

வயது ஏன் முக்கியம்? கையில் வந்து உட்கார வேண்டும், பழக வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்களுக்கு இளம் பறவைதான் ஏற்றது. நான்கு வயதுப் பறவையைக் குஞ்சு என்று நம்பி வாங்கி, அது கையைக் கண்டாலே பதறி ஓடுகிறது என்று வெறுத்துப்போய், யார் தலையிலாவது கட்டிவிடுகிறவர்கள் உண்டு. அந்தப் பறவையின் மேல் ஒரு குற்றமும் இல்லை.

நிறம் எதைச் சொல்லாது?

மூக்கும் கண்ணும் இவ்வளவு சொல்லும்போது, எல்லோரும் பார்க்கும் நிறம் என்ன சொல்கிறது? ஏறக்குறைய ஒன்றும் சொல்வதில்லை என்பதுதான் உண்மை.

ஆஸ்திரேலியக் காட்டில் பறக்கும் பட்ஜிகள் எல்லாம் ஒரே நிறம்தான். பச்சை உடம்பு, மஞ்சள் முகம், கறுப்புக் கோடுகள், கன்னத்தில் ஊதாத் திட்டு, தொண்டையில் கறுப்புப் புள்ளிகள். ஜார்ஜ் ஷா என்ற ஆங்கிலேய இயற்கையியலாளர் 1805-ல் இதை முதன்முதலாக விவரித்து எழுதினார். பறவையியலாளர் ஜான் கூல்ட் 1840-ல் உயிருள்ள பட்ஜிகளை இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார். கூண்டுகளில் பெருகிய பிறகுதான் மஞ்சளும் நீலமும் வெள்ளையும் மற்றவையும் நிலைபெற்றன.

இந்த நிறங்களின் கணக்கு சுவாரசியமானது. பட்ஜியின் பச்சை என்பது ஒரே ஒரு சாயம் இல்லை. இறகின் நுண்ணிய அமைப்பு ஒளியைச் சிதறடித்து நீலத்தைத் தருகிறது. அதன் மேல் மஞ்சள் நிறமி சேரும்போது பச்சை கிடைக்கிறது. மஞ்சள் நிறமி உருவாகாமல் போனால் பறவை நீலம். மெலனின் என்ற கறுப்பு நிறமி இல்லாமல் போனால் மஞ்சள். இரண்டுமே இல்லாவிட்டால் வெள்ளை. இந்த மஞ்சள் நிறமியை உண்டாக்கும் மரபணு எது என்பதை 2017-ல் ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். அந்த மரபணு உருவாக்கும் புரதத்தில் ஒரே ஒரு அமினோ அமிலம் மாறியதால்தான் பச்சைப் பறவை நீலப் பறவையாகிறது.

ஒரே ஒரு அமினோ அமிலம்! அதற்காகத்தான் கடையில் விலை ஏறுகிறது, இறங்குகிறது. "நீலம் நல்லா பேசும்", "வெள்ளை சாது", "மஞ்சள் சீக்கிரம் பழகும்" என்று சொல்லப்படும் கதைகளை நம்ப வேண்டியதில்லை. பேசுவது பெரும்பாலும் ஆண் பறவைகள். எனவே பேசும் பறவை வேண்டும் என்பவர் பார்க்க வேண்டியது மூக்கை. கலிஃபோர்னியாவில் வளர்ந்த பக் என்ற ஆண் பட்ஜி 1,728 சொற்கள் பேசியதாக கின்னஸ் புத்தகத்தில் இடம்பெற்றது. 1994-ல் இறந்த அந்தப் பறவையின் சாதனையில் அதன் இறகு நிறத்துக்குப் பங்கு எதுவும் இல்லை.

நிறத்தைப் பற்றிப் பேசும்போது இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மனிதன் பார்ப்பதைப் பறவை பார்ப்பதில்லை. மனிதக் கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிர் பட்ஜிக்குத் தெரியும். அதன் தலையிலும் கன்னத்திலும் உள்ள மஞ்சள் இறகுகள் புற ஊதா ஒளியை உறிஞ்சி ஒளிரக்கூடியவை. 2002-ல் வெளியான ஒரு ஆய்வில், சில பறவைகளின் தலை இறகில் வெயில் தடுப்புக் களிம்பைப் பூசி அந்த ஒளிர்வை மறைத்தார்கள். எதிர்ப்பாலினப் பறவைகளிடம் அவற்றுக்கு இருந்த மவுசு குறைந்துவிட்டது.

அப்படியானால் பட்ஜிகளும் அழகுக்கு மயங்குபவைதானா? முழுக்க அப்படியும் இல்லை. 2019-ல் வெளியான இன்னொரு ஆய்வில், பெண் பறவை விரும்பாத ஆணுக்கு உணவுப் பெட்டியைத் திறக்கும் வித்தையை ஆய்வாளர்கள் கற்றுக்கொடுத்தார்கள். அது பெட்டியைத் திறந்து சாப்பிடுவதையும், தனக்குப் பிடித்த ஆண் திறக்கத் தெரியாமல் விழிப்பதையும் பெண் பார்த்தது. அதன் பிறகு பெண்ணின் விருப்பம் அந்தக் கெட்டிக்காரப் பறவையின் பக்கம் சாய்ந்தது. பட்ஜியே தோற்றத்தோடு நிறுத்திக்கொள்வதில்லை. வாங்குகிற மனிதர்கள்தான் நிறுத்திக்கொள்கிறார்கள்.

பறக்கப் பிறந்த உடம்பு

இனி உடம்பின் அமைப்புக்கு வருவோம். பட்ஜியின் நீளம் ஏறத்தாழ 18 சென்டிமீட்டர். அதிலும் வாலே பெரும்பகுதி. எடை 30 முதல் 40 கிராம். ஒரு கோழி முட்டையைவிடக் குறைவு. சிறகுகள் நீண்டு கூர்மையானவை. விரித்தால் சுமார் 30 சென்டிமீட்டர். இது கிளைக்குக் கிளை தத்திக்கொண்டிருக்கும் பறவையின் உடம்பு இல்லை. வெகுதூரம், வேகமாக, நேராகப் பறக்கிற பறவையின் உடம்பு.

ஆஸ்திரேலியாவின் உட்பகுதி வறண்ட பூமி. எப்போது எங்கே மழை பெய்யும் என்று சொல்ல முடியாது. பட்ஜிகளுக்கு நிரந்தர ஊர் கிடையாது. எங்கே மழை பெய்து புல் விளைகிறதோ அங்கே கூட்டமாகப் போகும். நல்ல மழை கண்ட வருடங்களில் ஆயிரக்கணக்கான பறவைகள் ஒரே கூட்டமாகத் திரும்பி வளைந்து பறக்கும். புல் விதைதான் ஆகாரம். கீழ்நோக்கி வளைந்த அலகு அந்த விதையின் உமியை உரிக்கத்தான். காலில் இரண்டு விரல் முன்னே, இரண்டு விரல் பின்னே. புல் தாளையும் குச்சியையும் பற்றி ஏற அது வசதி. யூகலிப்டஸ் மரப் பொந்துகளில் முட்டையிடும். இருட்டான பொந்தில் மறைக்க வேண்டிய தேவை இல்லாததால் முட்டை வெள்ளையாகவே இருக்கிறது. இங்கே கூண்டில் மண்பானை கட்டிவிட்டால் பட்ஜி சட்டென்று உள்ளே போய்விடுவதற்கும் காரணம் அந்தப் பொந்துதான்.

பட்ஜிக்குத் தன் உடம்பின் அளவு துல்லியமாகத் தெரியும். பெங்களூரில் படித்து ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய மாண்டயம் ஸ்ரீனிவாசனின் குழு இதை ஆராய்ந்து வெளியிட்டது. தன் சிறகு விரிப்பைவிட இடைவெளி அகலமாக இருந்தால் பறவை வழக்கம் போலப் பறந்து போகும். குறுகலாக இருந்தால் மட்டும் சரியான நேரத்தில் சிறகை மடக்கிக்கொண்டு நுழையும். எதிரெதிரே வரும் இரண்டு பட்ஜிகள் மோதாமல் இருக்க, இரண்டுமே தத்தம் வலப்பக்கம் ஒதுங்குகின்றன என்பதையும் அதே குழு கண்டது. ஆயிரம் பறவை நெருக்கியடித்துப் பறக்கும் கூட்டத்தில் வாழ இப்படிப்பட்ட கண்ணும் உடம்பும் வேண்டும்.

இந்த உடம்பைத்தான் ஒரு அடிக்கு ஒரு அடிக் கூண்டில் அடைக்கிறார்கள். பார்க்க அழகாக இருக்கிறது என்று உயரமான, வட்டமான கூண்டு வாங்குகிறவர்களும் உண்டு. பட்ஜி ஹெலிகாப்டர் மாதிரி மேலும் கீழும் பறப்பதில்லை. பக்கவாட்டில் பறக்கும். அதற்கு வேண்டியது நீளமான கூண்டு. உயரத்துக்குக் கொடுத்த காசு பறவைக்கு உபயோகப்படாது. கூண்டு வாங்குபவர் பறவையின் சிறகை ஒரு முறை பார்த்திருந்தால் இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

நோயை மறைக்கும் உடம்பு

"நேத்து வரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு" என்ற பேச்சுக்குத் திரும்பலாம்.

கூட்டத்தில் வாழும் சின்னப் பறவை தன் நோயைக் காட்டிக்கொள்ளாது. காட்டிக்கொண்டால் வல்லூறு குறி வைப்பது அதைத்தான். அதனால் முடிந்த வரை சாதாரணமாக இருப்பது போலவே நடந்துகொள்ளும். இனி முடியாது என்ற நிலை வந்த பிறகுதான் சோர்ந்து விழும். மனிதர் பார்வைக்கு அது "திடீர்" சாவு. உண்மையில் பல நாளாக நடந்தது.

ஆனாலும் உடம்பு சில விஷயங்களை மறைக்க முடியாமல் காட்டிவிடும். பகலில் இறகை உப்பிக்கொண்டு, கண்ணை அரைகுறையாக மூடி, இரண்டு காலிலும் உட்கார்ந்திருந்தால் சந்தேகப்பட வேண்டும். சுகமாகத் தூங்கும் பறவை பெரும்பாலும் ஒரு காலைத் தூக்கிக்கொண்டு தலையை முதுகில் திருப்பி வைத்துத் தூங்கும். ஒவ்வொரு மூச்சுக்கும் வால் மேலும் கீழும் ஆடினால் மூச்சுவிடக் கஷ்டப்படுகிறது என்று அர்த்தம். ஆசனவாய்ப் பக்கத்து இறகு ஈரமாகவோ அழுக்காகவோ ஒட்டிக்கிடந்தால் வயிறு சரியில்லை. மூக்கிலும் அலகு ஓரத்திலும் காலிலும் தேன்கூடு போலச் சின்னச் சின்ன ஓட்டையோடு வெள்ளைப் பொருக்கு படிந்தால், அது உண்ணி போன்ற நுண்பூச்சியின் வேலை. மருத்துவரிடம் காட்டினால் குணமாகக்கூடியது. விட்டுவிட்டால் அலகே கோணலாகிவிடும்.

குரலும் உடம்பின் பகுதிதான். வெறும் தினை மட்டுமே வருடக்கணக்கில் சாப்பிடும் பட்ஜிக்கு அயோடின் குறைந்து தைராய்டு வீங்குவது உண்டு. அது மூச்சுக்குழாயை அழுத்துவதால் குரல் மாறும், மூச்சில் கீச்சென்ற சத்தம் வரும். தினையோடு கீரையும் காய்கறியும் கடல் நுரையும் வைக்கச் சொல்வது சும்மா இல்லை.

எடையைப் பார்ப்பது இன்னும் நல்ல வழி. 35 கிராம் பறவை 5 கிராம் இளைப்பது என்றால் உடம்பில் ஏழில் ஒரு பங்கு போய்விட்டது என்று பொருள். 70 கிலோ மனிதர் 10 கிலோ இளைத்தது போல! இறகு மூடியிருப்பதால் கண்ணுக்குத் தெரியாது. சமையலறையில் இருக்கும் சின்ன டிஜிட்டல் தராசில் வாரம் ஒரு முறை நிறுத்தால் தெரிந்துவிடும். மார்பு எலும்பு கத்தி முனை போல விரலில் தட்டுப்பட்டாலும் அதுவே சேதி.

நுரையீரலைப் பற்றியும் தெரிந்திருக்க வேண்டும். பறவைகளின் உடம்பில் நுரையீரலோடு காற்றுப் பைகளும் இருக்கின்றன. பறப்பதற்கு வேண்டிய ஆக்சிஜனை இழுக்க அது அருமையான ஏற்பாடு. அதே காரணத்தால் விஷக்காற்றும் மனிதரைவிட வேகமாக அதன் உடம்பில் ஏறிவிடும். நான்-ஸ்டிக் பாத்திரம் அளவுக்கு மீறிக் காய்ந்தால் வரும் புகை பட்ஜியை நிமிடங்களில் கொன்றுவிடும். சமையலறை ஜன்னலில் கூண்டைத் தொங்கவிடுபவர்களும், கூண்டுக்குக் கீழே கொசுவர்த்திச் சுருள் ஏற்றுபவர்களும் இதைக் கவனிக்க வேண்டும்.

மனிதன் மாற்றிய உடம்பு

பட்ஜியின் உடம்பு பறவையைப் பற்றி மட்டும் சொல்வதில்லை. அதை வளர்த்த மனிதனைப் பற்றியும் சொல்கிறது.

கண்காட்சிக்காக வளர்க்கப்படும் பட்ஜிகள் காட்டுப் பட்ஜியைவிட ஒன்றரை மடங்குக்கும் மேல் கனமானவை. நெற்றி இறகு அடர்ந்து கண்ணின் மேலேயே வந்து விழும். அதைத்தான் அழகு என்று பரிசு கொடுக்கிறார்கள். இந்தப் போக்கின் ஓரத்தில் ஒரு கொடுமையும் உண்டு. சில குஞ்சுகளுக்கு இறகு வளர்வது நிற்பதே இல்லை. முகமும் உடம்பும் சுருண்ட இறகால் மூடி, ஒரு ஒட்டடைக் குச்சி போல ஆகிவிடும். பார்க்க முடியாது, பறக்க முடியாது, பெரும்பாலும் ஒரு வருடத்துக்குள் செத்துவிடும். இணையத்தில் அதன் படத்தைப் பார்த்து "எவ்வளவு க்யூட்" என்கிறார்கள். அது ஒரு மரபணுக் குறைபாடு. அதன் உடம்பில் எழுதியிருப்பது வலி.

சாதாரணக் கடைப் பறவையிலும் மனிதனின் கை தெரியும். வெட்டிய சிறகு, நெருக்கடியில் உடைந்த வால், வைரஸ் தாக்கிப் பறக்கும் இறகு முளைக்காமல் தரையிலேயே ஓடித் திரியும் குஞ்சு. இந்தக் கடைசி வகையைத் "துறுதுறுன்னு ஓடுது பாருங்க" என்று காட்டி விற்பதும் நடக்கும்.

தனிமையும் கண்ணாடியும்

பட்ஜியை ஒற்றையாக வளர்த்தால் மனிதரோடு நன்றாகப் பழகும் என்று சொல்வார்கள். உண்மைதான். ஆனால் ஏன் பழகுகிறது? வேறு யாரும் இல்லாததால்.

ஜோடி சேரும்போது ஆண் பட்ஜி தன் குரலைப் பெண்ணின் கூவலைப் போல மாற்றிக்கொள்கிறது என்று 2000-ல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. ஒரு பறவை கொட்டாவி விட்டால் பார்க்கும் மற்றதும் கொட்டாவி விடும் என்று 2015-ல் கண்டார்கள். குரல்வளை, கண், மூளை எல்லாமே துணையோடு இருக்கத்தான் அமைந்திருக்கின்றன. வீட்டுப் பட்ஜி மனிதச் சொல்லைக் கற்றுக்கொள்வதும் அந்தத் திறமையால்தான். தன் கூட்டம் என்று அது நினைப்பவர்களின் குரலை அது படித்துக்கொள்கிறது. வீட்டுக்காரர் வேலைக்குப் போன பத்து மணி நேரமும் கண்ணாடியில் தெரியும் உருவத்துக்குத் தன் இரையைக் கக்கி ஊட்ட முயலும் ஒற்றை ஆண் பறவையைப் பார்த்தால் சிலருக்குச் சிரிப்பு வரும். அது சிரிக்கும் விஷயம் இல்லை.

அப்படியானால் கூண்டைத் திறந்துவிட்டால் என்ன?

இதைப் படித்ததும் இரக்கத்தில் கூண்டைத் திறந்துவிடுபவர்களும் இருப்பார்கள். அது சரியான முடிவு இல்லை. கடையில் விற்கும் பட்ஜிகள் கூண்டிலேயே பல தலைமுறையாகப் பிறந்து வளர்ந்தவை. எங்கே தண்ணீர், எங்கே விதை, எது பகை என்று அவற்றுக்குத் தெரியாது. பளிச்சென்ற வெள்ளை, நீல நிறத்தில் மறைந்துகொள்ளவும் முடியாது. வெளியே போன பட்ஜியைக் காக்கை துரத்துவதைப் பல தெருக்களில் பார்க்கலாம். மனிதன் கொடுத்த நிறமே அங்கே அதற்கு எமன்.

பச்சைக்கிளியைப் போன்ற உள்நாட்டுப் பறவைகளைப் பிடிப்பதும் விற்பதும் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். பட்ஜி வெளிநாட்டுப் பறவை என்பதால் அந்தத் தடை இல்லை. தாராளமாகக் கிடைக்கும், விலையும் குறைவு. அந்தக் குறைந்த விலையே அதன் துரதிர்ஷ்டம். மருத்துவருக்குக் கொடுக்கும் பணம் பறவையின் விலையைவிட அதிகம். "அந்தக் காசுக்குப் புதுசா ரெண்டு வாங்கிடலாமே" என்ற கணக்கில்தான் பல பறவைகள் சிகிச்சை இல்லாமல் சாகின்றன. லண்டனில் சார்லி என்ற பட்ஜி 1948-ல் பிறந்து 1977 வரை, 29 வருடம் வாழ்ந்ததாக கின்னஸ் பதிவு சொல்கிறது. எல்லாம் அவ்வளவு வாழாது. ஆனால் நன்றாகக் கவனித்தால் ஏழெட்டு வருடம் வாழக்கூடிய உயிர் எட்டு மாதத்தில் போவதை விதி என்று சொல்லக்கூடாது.

பட்ஜி வாங்கத்தான் வேண்டுமா என்று முதலில் யோசிக்கலாம். நீளமான கூண்டும், துணைக்கு இன்னொரு பறவையும், தினமும் கொஞ்ச நேரக் கவனிப்பும் கொடுக்க முடியாதவர்கள் வாங்காமல் இருப்பதே நல்லது. முடியும் என்பவர்கள் கடையில் பத்து நிமிடம் நிற்கலாம். கையை விட்டுப் பிடிக்கச் சொல்வதற்கு முன்னால் தூரத்தில் இருந்தே பார்க்கலாம். இறகு உடம்போடு படிந்திருக்கிறதா? வால் ஆடாமல் மூச்சு வருகிறதா? கண் பளிச்சென்று திறந்திருக்கிறதா? மூக்கும் காலும் சுத்தமா? பக்கத்துப் பறவையோடு பேசுகிறதா? நெற்றியும் கண்ணும் கடைக்காரர் சொன்ன வயதோடு ஒத்துப்போகிறதா? இதையெல்லாம் பார்த்து முடித்த பிறகு நீலமா மஞ்சளா என்று கேட்கலாம்.

வீட்டுக்கு வந்த பிறகும் தினமும் காலையில் தண்ணீர் மாற்றும்போது அதே பார்வையை ஒரு நிமிடம் பார்த்தால் போதும். நேற்று எப்படி இருந்தது என்று அப்போது உறுதியாகச் சொல்ல முடியும்.